கிளட்ச் பெடலில் இருந்த கால்

...பிரசங்கத்தை இப்படியே சொல்லி முடிச்சா, நீங்க தலையை ஆட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. எனக்கு உங்களைத் தெரியும். அதனால ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. கடைசி வரிசையில இருக்கிற அண்ணாச்சி, அந்த போனை உள்ள வச்சிட்டுக் கேளுங்க.

மலை அடிவாரத்துல அருமைநாயகம்னு ஒருத்தர். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் வச்சிருந்தார். அவருக்கு அதுதான் சோறு. ஒரே தங்கச்சி, கிரேஸ். தங்கச்சி புருஷன் தவசிமணி... மெக்கானிக். மூணு பேரும் நல்லாத்தான் இருந்தாங்க. எதுவரைக்கும்? ஜீப் இன்ஜின் படுக்கிற வரைக்கும்.

பழைய இன்ஜின் இனி தேறாதுன்னு ஆயிடுச்சு. வேற வண்டி இன்ஜினை எடுத்து இதுல வச்சார் தவசிமணி. கியர் பாக்ஸ் பழசேதான். வச்சுப் பார்த்தா... கிளட்ச் கேபிள் போற வழியில, வந்த இன்ஜினோட சைலன்சர் பைப் நிக்குது.

"மச்சான், கேபிள் இனி ஆகாது. சூட்டுல உருகிரும். ஆயில் கிளட்சா மாத்திருவோம். பெடல்கிட்ட ஒரு சிலிண்டர், கியர் பாக்ஸ்கிட்ட ஒரு சிலிண்டர், நடுவுல ஒரு பைப். நீங்க மிதிச்சா ஆயில் போய்த் தள்ளும்."

அருமைநாயகத்துக்கு எப்படி இருக்கும்? கேபிள்னா கண்ணால பார்க்கலாம். கையால இழுத்துப் பார்க்கலாம். பைப்புக்குள்ள ஆயில் என்ன பண்ணுதுன்னு யாரு பார்த்தா? அங்க ஆரம்பிச்சது. 'இவன் இதுக்கு முன்னாடி இந்த வேலையைச் செஞ்சிருக்கானா? இல்ல... என் வண்டியில கத்துக்கப் பார்க்கிறானா?' வாயைத் திறந்து கேட்டாரா? கேக்கல. சந்தேகப்படுறவன் கேக்கவே மாட்டான். கேட்டா பதில் வந்துருமே.

எல்லாம் மாட்டியாச்சு. கடைசி வேலை, ஏர் எடுக்கிறது. பைப்புக்குள்ள காத்து இருந்தா, நீங்க மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் காத்தை நசுக்குறதோட போயிடும். கிளட்ச் அசையாது. அதனால ஒருத்தர் மேல உக்காந்து பெடலை மிதிச்சுப் பிடிக்கணும். இன்னொருத்தர் அடியில படுத்து, ஒரு சின்னத் திருகைத் திறந்து, காத்தை வெளிய விட்டு, மூடணும். மூடுற வரைக்கும் மேல இருக்கிறவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தா? வெளிக்காத்து உள்ள போயிடும்.

ஷெட்டுல வேற ஆளுங்க இருந்தாங்க. அருமைநாயகம் விடுவாரா? "யாரும் வேணாம். நானே உக்காருறேன்." ஏன்? கூட இருந்து கவனிக்கணுமே...

கீழ இருந்து குரல் வருது. "மச்சான், மிதிங்க... பிடிங்க..."

"பிடிச்சிருக்கேன் மாப்ள."

"சரி, விடுங்க."

பெடல் எப்படி இருக்கு? பஞ்சு மாதிரி அமுங்குது. மறுபடி மிதி, மறுபடி பிடி, மறுபடி பஞ்சு. மேல இருக்கிறவர் நினைக்கிறார்: 'நான் அப்பவே நினைச்சேன். இவனுக்கு வேலை தெரியல.' கீழ படுத்திருக்கிறவர் நினைக்கிறார்: 'என்னை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தணும்னே வந்து உக்காந்திருக்காரோ?' நீங்க சிரிக்கிறதைப் பார்த்தா, இது உங்க வீட்டுலயும் நடந்திருக்கோன்னு எனக்குச் சந்தேகம்.

கடைசியில வெடிச்சுது.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே. தங்கச்சி புருஷன்னு நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அடியில படுத்தபடியே அவரும் சொல்றார்: "நம்பியா வந்தீங்க? வேற ஷெட்டுக்கு இழுத்துட்டுப் போங்க."

"போறேன். இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

போச்சு. ஒரு பெடலுக்காக, கூடப் பிறந்தவ வீடு போச்சு.

அந்தத் தங்கச்சி டீ எடுத்துட்டு வந்து, வண்டிக் கதவுப் பக்கம் ரொம்ப நேரமா நின்னுக்கிட்டிருக்கா. எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருக்கா. அவ சத்தம் போடல. "அண்ணே, இன்னொரு தடவை மிதி. ஏங்க, நீங்களும் ஒரு தடவை திறங்க."

மிதிச்சார். கீழ இருந்து "பிடிங்க"ன்னு குரல்.

"அண்ணே... இப்ப உன் காலைப் பாரு."

பார்த்தார். தலை கதவுக்கு வெளிய, வண்டிக்கு அடியில எட்டிப் பார்க்குது. கால்... பாதி மேல வந்திருக்கு.

"அவர் என்ன பண்றாருன்னு நீ எட்டிப் பார்க்கிற. எட்டிப் பார்க்கிறப்பல்லாம் கால் தானா மேல வந்துருது. காத்தை உள்ள விடுறது நீதாண்ணே."



அருமைநாயகம் நிமிர்ந்து உக்காந்தார். முன் கண்ணாடியை மட்டும் பார்த்தார். மிதிச்சார், பிடிச்சார். சொன்னப்ப மட்டும் விட்டார். கொஞ்ச நேரத்துல பெடல் கெட்டியா நின்னுது.

"மச்சான், போதும். காலை எடுங்க."

எடுக்கலையே மனுஷன். ஏன்? எடுத்தா இறங்கணும். இறங்கினா மாப்பிள்ளை மூஞ்சியைப் பார்க்கணும். கடைசியில தவசிமணியே எழுந்து வந்து, கதவைத் திறந்து, "டீ ஆறுது மச்சான், இறங்குங்க"ன்னார்.

ஏமாத்துறவன் உலகத்துல இல்லையான்னு கேப்பீங்க. இருக்கான். நானே ஏமாந்திருக்கேன். சந்தேகம் வந்தா நேரா போய்க் கேளுங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா கேக்காம வேவு பார்க்கிறோமே, அதைச் சொல்றேன். மருமக என்ன சமைக்கிறான்னு ஜன்னல் வழியாப் பார்க்கிறது... புருஷன் குளிக்கப் போனா போனை எடுத்துப் பார்க்கிறது... இந்தச் சபையில ஒரு பொறுப்பை ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டு, அவர் பின்னாடியே ஆள் அனுப்புறது. நாம பிடிக்க வேண்டியதைப் பிடிக்கல. அப்புறம் அது தளர்ந்து போனதும், "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்"கிறோம்.

சொன்னது சரிதான் ஐயா. ஆனா அதைத் தளர விட்டது யாரு?