மடி நெல்லு

கனகா: இரு இரு... செல்போன அப்பிடியே ஜன்னல் பக்கம் காட்டு. அந்த வெள்ளையா கீதே, அது மேகமா, மலையா?

அனுப்ரியா: மலைதாம்மா. மேலேந்து கீழ வரிக்கும் பனி.

கனகா: யம்மாடி... ஒரு மரம் இல்ல, ஒரு செடி இல்ல. பாக்கவே கண்ணு கூசுது.

அனுப்ரியா: நீ எங்க கீற? பின்னால மஞ்சளா தெரியுது?

கனகா: களத்துல. நெல்லு காய வெச்சிருக்குது, காலால துழாவிக்கினே பேசறேன். அங்க விடிஞ்சிடுச்சா?

அனுப்ரியா: விடிஞ்சு நாஷ்டாவும் முடிஞ்சுது. உனக்கு சாயங்காலம் ஆயிருக்குமே.

கனகா: ஆமா, வெயில் எறங்கிப்போச்சு. பக்கத்து வூட்டு பாக்கியமேரி நேத்து கேட்டா, உன் பொண்ணு எந்த ஊர்ல கீறான்னு. ஊரே இல்லாத எடத்துலன்னு சொன்னேன். தென்துருவம்னா அவளுக்கு இன்னா புரியும்? எனக்கே புரியல.

அனுப்ரியா: கப்பல்ல கூட்டிக்கினு போயி பனியச் சுத்திக் காட்டற எடம்னு சொல்லிடு.

கனகா: அவ்ளோ பெரிய கப்பல் கடலு நடுவுல நிக்கிதா, இல்ல ஓடிக்கினே கீதா?

அனுப்ரியா: பெரிய கப்பல் இல்லம்மா, சின்னதுதான். நம்ம தெரு ஜனம் ஏறினா ரொம்பிடும். பெரிய கப்பலால இந்தப் பனிக்குள்ள நுழைய முடியாது. இது ஓரமா வந்து நிக்கும். டூரிஸ்ட்டுங்க ரப்பர் போட்டுல ஏறி, கரைக்குப் போயி சுத்திட்டு வருவாங்க.

வேதகிரி: ...குளுருக்கு இன்னா போட்டுக்கினு கீதுன்னு கேளு.

அனுப்ரியா: அம்மா... யாரு அது?

கனகா: யாருமில்ல. காக்கா.

அனுப்ரியா: காக்கா குளுரப் பத்திக் கேக்குதா?

கனகா: நம்ம வூட்டுக் காக்கா அப்பிடித்தான். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கினு கேக்கும்.

அனுப்ரியா: ரெண்டு ஸ்வெட்டரு, மேல கம்பெனி கோட்டு. காக்காகிட்ட சொல்லு.

வேதகிரி: கம்பெனி கோட்டா? காஞ்சிபுரத்துல வாங்கின கோட்டு இன்னா ஆச்சு? அதக் கேளு.

கனகா: கேட்டுச்சா?

அனுப்ரியா: கேட்டுது. நேராவே கேக்கலாமே.

கனகா: அது நடக்கிற காரியமா? நீ பஸ் ஏறின நாள்லேந்து உங்க நைனா உன் பேரையே எடுக்கறதில்ல. ‘அது துன்னுச்சா, அது தூங்குச்சா’ன்னுதான் கேக்கறாரு. என்னமோ நீ ஆட்டுக்குட்டியாட்டம்...

வேதகிரி: கனகா! சொம்மா இரு.

அனுப்ரியா: அத வுடு. ஒரு விசயம் சொல்லத்தான் போன் போட்டேன். இந்த வருசத்துக்கு இதுதான் கடைசி ட்ரிப்பு. நாளைக்கு ஒரு தபா கரைக்குப் போனா முடிஞ்சுது. என் காண்ட்ராக்ட்டும் அத்தோட முடியுது.

கனகா: அப்ப வந்துடுவ!

அனுப்ரியா: அதான்... கப்பலு அப்பிடியே வடதுருவத்துக்குப் போவுது. இங்க குளுரு ஆரம்பிச்சா அங்க வெயில் காலம். கூட வரியான்னு கேக்கறாங்க. இன்னிக்கே பதில் சொல்லணும்.

கனகா: இன்னா சொல்லப்போற?

அனுப்ரியா: தெரியல.

கனகா: தெரியலன்னா? உனக்கு வூடு வாசல் இல்லியா?

அனுப்ரியா: எனக்கு வூடு கீதா? வாசப்படி தாண்டினா திரும்பி வராதன்னு சொன்னது யாரு? நிச்சயதார்த்தத்த நிறுத்திட்டுக் கப்பலுக்குப் போறவ என் பொண்ணே இல்லன்னு சொன்னது யாரு? அதுவும் காக்காவா?

கனகா: ...கோவத்துல சொன்னது கண்ணு.

அனுப்ரியா: அந்தக் கோவம் போயிடுச்சான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பஸ் ஸ்டாண்டுக்குக்கூட வரலியே. உத்திரமேரூர்ல வண்டி நகர்ற வரிக்கும் அந்த டீக்கடையவே பாத்துக்கினு இருந்தேம்மா. அவுரு வந்து ஒரு டீ குடிக்கிறாப்புலயாவது நிப்பாருன்னு... இங்க வந்தும் அதேதான். பனியப் பாக்கறேன், கடலப் பாக்கறேன், மனசு போயி அந்த டீக்கடையில நிக்கிது.

வேதகிரி: ...அங்க மண்ணு இன்னா நெறம்னு கேளு.

கனகா: இப்ப இதான் ரொம்ப முக்கியம்! பொண்ணு இன்னா கேக்குது, நீங்க இன்னா கேக்கறீங்க?

வேதகிரி: கேளுன்னா கேளு.

கனகா: மண்ணு இன்னா நெறமாம்.

அனுப்ரியா: இங்க ஏது மண்ணு... எல்லாம் பனி.

வேதகிரி: பனிக்கு அடியில கல்லோ மண்ணோ இருக்கணுமே. எறங்கி நடந்துது இல்ல? ஒரு பிடி கையில எடுத்துப் பாக்கலியாமா?

அனுப்ரியா: கறுப்பா இருக்கும்னு... கறுப்பா கீது.

வேதகிரி: யாரோ சொல்லிக் கேட்டாப்புல கீதே.

கனகா: அவ ஏங்க பொய் சொல்லப்போறா? பென்குயினு பக்கத்துல நின்னு போட்டோல்லாம் அனுப்பினாளே!

அனுப்ரியா: அனுப்பினேன். அதுல நான் இருந்தேனா?

கனகா: நீதான் எடுக்கறன்னு நெனச்சேன்.

அனுப்ரியா: கூட வேல செய்யிறவங்க எடுத்தது.

கனகா: அப்ப நீ...?

அனுப்ரியா: நான் ஒரு தபாகூட எறங்கல.

கனகா: இன்னாடி சொல்ற! பள்ளிக்கூடம் போற வயசுலேந்து அந்தப் பனிப் படத்த செவுத்துல ஒட்டி வெச்சுக்கினு... அங்க கால் வெக்கணும்னுதான அத்தினி சண்ட போட்டுக்கினு போன?

அனுப்ரியா: அதுக்குத்தான்.

கனகா: யாரானா எதானா சொன்னாங்களா? ஒடம்பு கிடம்பு...

அனுப்ரியா: அதெல்லாம் இல்ல. என் வேல இன்னான்னு சொன்னேன் இல்ல? கரைக்குப் போறவங்க துணி, ஷூ, பையி எல்லாத்தையும் தடவிப் பாக்கணும். ஒரு வெத ஒட்டிக்கினு போயிடக் கூடாது. வெளியூரு செடி எதுவும் அங்க மொளைக்கக் கூடாதுன்னு சட்டம்.

கனகா: சொன்ன, சொன்ன. ‘ஊரே வெத வெதைக்குது, இது வெதையப் பொறுக்கப் போயிருக்குது’ன்னு இங்க ஒருத்தரு...

வேதகிரி: கனகா.

அனுப்ரியா: மொத நாளு எங்க லீடரம்மா எங்களயே சோதன பண்ணாங்க. என் கோட்ட வாங்கி ஓரத்த நசுக்கிப் பாத்தாங்க. உள்ளாற என்னமோ நறநறன்னுது. பிரிச்சா... மஞ்சத் துணியில முடிஞ்ச நெல்லு.

கனகா: ஐயையோ!

அனுப்ரியா: வெத புடிக்க வந்தவ கோட்டுலயே வெத. எல்லாரும் என்னயே பாக்கறாங்க. அன்னிக்கு நின்னுதும்மா எல்லாம். டூரிஸ்ட்டுங்க போயிட்டு வருவாங்க, நான் கப்பல்லயே நின்னு அவங்க பூட்ஸக் கழுவுவேன்.

கனகா: ...நான்தான்டி. நான்தான் தெச்சு வெச்சேன். மடி நெல்லு. நம்ம வூட்டுப் பொண்ணு வெறும் மடியோட வாசப்படி தாண்டக் கூடாது இல்ல? அதான்...

அனுப்ரியா: நீயா?

கனகா: ஆமா.

அனுப்ரியா: மடி நெல்லு பெத்த அப்பன் கட்டறது. ஆண்டாளு அத்த கண்ணாலமாயி வாலாஜாபாத்துக்குப் போனப்ப தாத்தாதான் கட்டினாரு. அம்மா கட்டற வழக்கம் நம்ம வூட்ல எப்ப வந்துது?

கனகா: அவுரு கட்டல. அதனால நான் கட்டினேன்.

அனுப்ரியா: ஊருக்கே ரவிக்க தெக்கிறவ நீ. உன் தையல் எனக்குத் தெரியாதா? அது கோணி ஊசியில சணல் கோத்துத் தெச்சது. நெல்லு மூட்ட வாயத் தெக்கிறாப்புல... ஒவ்வொரு தையலும் வெரல் நீளம். சொல்லும்மா.

கனகா: இந்தாங்க, புடிங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நின்னு எனக்குக் காலு வலிக்குது. நான் போயி நெல்ல வாரறேன், பனி எறங்கிடும். புடிங்கன்றேன்!

அனுப்ரியா: நைனா?

வேதகிரி: ம்.

அனுப்ரியா: கேக்குதா?

வேதகிரி: கேக்குது. ...எளச்சுப் போயிட்டியே பாப்பா.

அனுப்ரியா: நீ மட்டும் இன்னாவாம்.

வேதகிரி: நான் வந்தேன்.

அனுப்ரியா: எங்க?

வேதகிரி: பஸ் ஸ்டாண்டுக்கு. டீக்கடையில இல்ல. எதிர்த்தாப்புல உரக்கடைக்குள்ளாற நின்னுக்கினு இருந்தேன். நீ அந்தப் பக்கமே பாத்துக்கினு இருந்த.

அனுப்ரியா: ஏன் நைனா வெளிய வரல?

வேதகிரி: வந்தா, போவாதன்னு சொல்லியிருப்பேன்.

அனுப்ரியா: அப்ப அந்தத் தையலு?

வேதகிரி: நீயும் உங்க அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தீங்க. கோட்டு கொடியில தொங்கினு இருந்துது. என் கைக்கு வர்றது அந்த ஊசிதான். அவ்ளோ தூரம் போயி உன் காலுக்குக் குறுக்க வுழும்னு எனக்கு இன்னா தெரியும்? ஆசப்பட்ட எடத்துக்குப் பக்கத்துல போயும் மிதிக்க முடியாத பண்ணிட்டனே.

அனுப்ரியா: எதுக்குக் கட்டின? அத மட்டும் சொல்லு.

வேதகிரி: எதுக்குக் கட்டுவாங்க? போற எடத்துல வெதைக்கவா? பொண்ணு அத்தத் திருப்பி எடுத்தாந்து, பொறந்த வூட்டு நாத்தாங்கால்ல போடணும். ஆண்டாளும் கொண்டாந்துதான் போட்டா.

அனுப்ரியா: திருப்பி எடுத்தாந்து...

வேதகிரி: வராதன்னு வாயி சொல்லிடுச்சு பாப்பா. கை கேக்கல. அழுவாத. சித்திரையில சொர்ணவாரிப் போகத்துக்கு நாத்து வுடப்போறேன். நீ வந்துடு. அந்த நெல்ல அவங்க எரிச்சிருப்பாங்க... போனாப் போவுது. இங்க மூட்ட மூட்டயா கீது, வேற அள்ளித் தரேன். ஆனா இது இன்னா நாயம்? எரிச்சப்புறமும் வருசம் பூரா எறங்க வுடாத...? உங்க லீடரம்மாகிட்ட போனக் குடு. தப்பு என்னுதுன்னு சொல்றேன். நாளைக்கு ஒரு தபாவாவது எறங்கிட்டு வா.

அனுப்ரியா: அவங்க மேல தப்பு இல்ல நைனா. ‘எரிச்சுடு, நாளைக்கே எறங்கு. வெச்சுக்கறதுன்னா பூட்டித்தான் வெப்பேன், நீ கரையில கால் வெக்கக் கூடாது’ன்னு அன்னிக்கே சொன்னாங்க. காலையிலகூடக் கடைசியா ஒரு தபா கேட்டாங்க... அந்தக் கோணித் தையலப் பாத்தப்புறம் எனக்கு மனசு வரல நைனா. ஒரு நெல்லு மணிகூட எரிக்கல, எல்லாம் அப்பிடியே கீது. நாத்தாங்கால்ல ஒரு மூலைய எனக்கு வுட்டு வையி.