வெந்த மண்

தனியாக இருப்பவனுக்குக் குக்கர் பெரிய துணை, மேடம். நாம் பேசாவிட்டாலும் அது கூப்பிடும். மனைவி போன பிறகு என் வீட்டில் வாயைத் திறந்த ஒரே ஜீவன் அதுதான்.

தம்பிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அப்பா பிரித்துக் கொடுத்த மாதுளந்தோட்டத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். உரமூட்டையை அவன் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டான்; சாணமும் சருகும்தான். மண்வெட்டியை வைத்தால் மண்புழு ஊர்வலம் கிளம்பும். என் பக்கம் தப்பித்தவறி ஒரு புழு வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைக்கலாம், அவ்வளவு அபூர்வம். அவன் செருப்பில்லாமல் நாள் முழுக்க மண்ணோடு பேசிக்கொண்டிருப்பான். "சாப்பிட வாடா" என்றால், "நீ சாப்பிடுண்ணே, எனக்கு இங்க கோடிப் பேர் காத்திருக்காங்க" என்பான். கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேர். கண்ணுக்குத் தெரிகிற அண்ணன் ஒருத்தன் தட்டோடு நிற்பேன்.

இரண்டு தோட்டத்து மண்ணிலும் எத்தனை வகை நுண்ணுயிர் இருக்கிறதென்று பார்க்க ஆய்வுக்கூடத்திலிருந்து நீங்கள் வந்தீர்கள். மண் பைகள் இருந்த ஐஸ் பெட்டியை என் சமையலறையில் வைத்துவிட்டு, தம்பியோடு மரங்களைப் படமெடுக்கப் போனீர்கள். அவன் சிரிப்பு ஜன்னல்வரை கேட்டது. அவன் பைகளை மட்டும் எடுத்தேன். மண்ணைக் கிண்ணத்தில் கொட்டிக் குக்கரில் வைத்தேன். உருளைக்கிழங்கு என்றால் எத்தனை விசில் என்று தெரியும்; மண்ணுக்கு யாரைக் கேட்பது? இருக்கட்டும் என்று நாலு விசில் கூடவே விட்டேன். ஆறவைத்து, பையில் போட்டு, பழையபடி வைத்தேன். நீங்கள் திரும்பியதும் டீ கொடுத்தேன். நல்ல டீ என்றீர்கள்.

முடிவு வந்தது. என் மண்ணிலாவது ஏதோ கொஞ்சம் உயிர் இருந்தது, அவன் மண்ணில் ஒன்றுமே வளரவில்லை. திருட்டுத்தனமாக மருந்து அடித்திருப்பான் என்று பழம் வாங்குகிறவர்கள் பேசினார்கள். அவன் சண்டைக்குப் போகவில்லை. "நான்தாண்ணே என்னமோ தப்புப் பண்ணிட்டேன். அதுங்க அத்தனையையும் கொன்னுட்டேன்" என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செத்த மண்ணில் மரத்தை நிறுத்திவைப்பது கொடுமை என்று, அவன் நம்பும்வரை எடுத்துச் சொன்னேன். "மரத்தையெல்லாம் எடுத்துட்டு என்னோட வந்து இருடா." பிடுங்குகிற இயந்திரத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். காய் தொங்கத் தொங்க ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அவன் ஒவ்வொரு வேரையும் தொட்டு மன்னிப்புக் கேட்டான்.

இப்போது என் மாடி அறையில் இருக்கிறான். நான் பரிமாறுவதைச் சாப்பிடுகிறான். உப்பில்லை என்றாலும் சொல்வதில்லை. வாசலுக்கு வந்தாலும் செருப்புப் போட்டுக்கொள்கிறான். தன் கால் பட்டால் மண்ணுக்கு ஆகாதாம்.

மரம் பிடுங்கிய குழியில் மறுபடி மண் எடுத்துப் போனீர்கள். உயிர் பொங்கி வழிகிறது, முன்பு வந்தது வெந்த மண் என்கிறீர்கள். ஆமாம், வேகவைத்தது நான்தான். உயிரோடு இருந்த தோட்டம் என்று தெரிந்தேதான் அழிக்கவைத்தேன்.

அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், மேடம். பாவம், தாங்கமாட்டான். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?