லேபிளில் உள்ள பெயர்

— எழுதமாட்டன், சேர். வேணுமெண்டா இந்த டெலிவரி ஜக்கெட்டைக் கழட்டித் தாறன்.

— கத்தாதே சாருஜா. நாலு வரி மன்னிப்புக் கடிதம், மகள். "கஸ்டமரிடம் மரியாதைக் குறைவாக நடந்ததற்கு வருந்துகிறேன்." நானே டைப் பண்ணி வச்சிருக்கேன். நீ சைன் மட்டும் போடு.

— நான் வருந்தேல்லையே.

— யார் உன்னை வருந்தச் சொன்னது? சைன்தானே கேக்குறேன்! ஹெட் ஆபீஸ்ல இருந்து ரெண்டு தரம் போன் கோல் எடுத்துட்டாங்க. "ஹெக்டர், அந்தப் புள்ள கடிதம் தரல்லன்னா இன்னைக்கே வேலையில இருந்து நிப்பாட்டு"ன்னு என்கிட்ட சொல்றாங்க.

— என்ன நடந்தது எண்டு கேட்டவையோ?

— என்ன கேக்க இருக்கு? வெள்ளவத்தையில ஒரு ஃப்ளாட். பார்சல் மிதுனாங்கிற பேருக்கு. நேத்து புருஷன் கேட் வரைக்கும் இறங்கி வந்து கேட்டிருக்கார், நீ குடுக்கல்ல. அதே வீட்டில யார் சைன் பண்ணினாலும் குடுக்கலாம்னு ரூல்ஸ் இருக்கா இல்லையா?

— இருக்கு. ஆனா நான் முதல் மிதுனாவுக்குக் கோல் எடுத்தனான். "தங்கச்சி, என்ர கையில மட்டும் தாங்கோ, வேற ஒருத்தரிட்டயும் குடுத்திடாதேங்கோ" எண்டவா. இரகசியமாத்தான் கதைச்சவா, சேர். கேட்டடிக்குப் போனா, இவர் வந்து கையை நீட்டுறார், நான் புருஷன் எண்டு. லேபிளில அப்பிடி ஒரு பேர் இல்லை எண்டு சொன்னன்.

— அந்த வாய்தான் உன் பிரச்சினை. கெம்பஸ் போன வாய்.

— ஓம், எங்கட வீட்டில முதல் பட்டம் என்ரதான். ரெண்டு வருஷம் கந்தோர் கந்தோரா வேலைக்கு விண்ணப்பம் போட்டன். ஒருத்தனும் என்ர பேரை முழுசா வாசிச்சிருக்கமாட்டான். இப்ப ஒரு நாளைக்கு அறுபது சனத்தின்ர பேரை நான் வாசிக்கிறன். லிஃப்ட் பழுதெண்டா நாலாம் மாடிக்கு நடந்து ஏறுறன். உங்கட மற்ற ஆக்கள் கீழ நிண்டபடி "ஆள் இல்லை" எண்டு போனில அமத்திப்போட்டுப் போகினம். அவையிட்ட ஒரு கடிதமும் கேக்கமாட்டியள். ஆரின்ர பேரோ, அவையின்ர கையில குடுக்கிறதுதான் என்ர வேலை. அதுக்கே மன்னிப்புக் கேக்கிறதெண்டா, பிறகு நான் என்னத்துக்கு இந்த வெயிலுக்குள்ள ஓடுறன்?

— பேசி முடிஞ்சா? சரி. அந்த ஆள் பதினொரு மணிக்கு இங்க கிராண்ட்பாஸ் ஆபீஸுக்கே வாறார், பார்சலை எடுக்க. ரெக்கில இருந்து எடுத்து என் மேசையில வை.

— ரெக்கில இல்லை.

— என்னது?

— இண்டைக்குக் காலமை முதல் ரவுண்டிலயே கொண்டுபோயிட்டன். அவா கோல் எடுத்து வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னவா. பிளாட்ஃபோர்மில வச்சுக் கையில குடுத்தனான்.

— ஜீசஸ்! வீட்டு அட்ரஸ் இருக்க ஸ்டேஷன்லயா? ஏன்னு கேக்கல்லியா?

— கேக்கேல்ல. அடையாள அட்டை பாத்தன், சைன் வாங்கினன், போட்டோ எடுத்தன். என்னில பிழையில்லை எண்டதுக்கு இந்தப் போட்டோ போதும். இருங்கோ, இப்பவே சிஸ்டத்தில ஏத்துறன். வந்து வடிவாப் பாக்கட்டும் அவர்.

— அமத்தாதே! போனை இங்க தா.

— தரமாட்டன். போட்டோவை அழிக்கப் போறியளோ?

— கம்ப்ளெயின்ட் போட்டது அந்தப் புருஷன், மகள். நீ ஏத்தின உடனே படம் அவரோட போனுக்குத்தான் போகும். நல்லாப் பாரு, மிதுனாவுக்குப் பின்னால என்ன தெரியுது?

— ஸ்டேஷன் போர்ட்... ரெண்டு பெரிய சூட்கேஸ். அவாதான் இழுத்துக்கொண்டு வந்தவா.

— ட்ரெயின்ல ஏறிட்டாவா?

— ஓம். ஏறினதைப் பாத்திட்டுத்தான் நான் வெளிக்கிட்டனான்.

— அப்ப கடிதம் வேணாம், ஹெட் ஆபீஸை நான் பாத்துக்கிறேன். நீ படத்தில அந்தப் பெட்டியையும் போர்டையும் வெட்டிட்டு ஏத்து. கையும் பார்சலும் மட்டும் தெரிஞ்சாப் போதும்.