முகமூடியின் உள்துணி

முகமூடிக்கு உள்துணி வைப்பதென்றால் பழைய துணிதான் நல்லது. புதுத் துணி கன்னத்தை அறுக்கும், வியர்வையைக் குடிக்காது. பலமுறை துவைத்து நைந்துபோன படுக்கை விரிப்பு கிடைத்தால் விடமாட்டேன். தொழில் தெரிந்த எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

லியோன் நகர நடன அரங்கில் ஆடுகிற அத்தனை பேர் முகத்திலும் இருந்தது என் கைவேலை, ஐயா. தேவதைக்கு வெள்ளை, பேய்க்குச் சிவப்பு, காற்றுக் கடவுளுக்கு உப்பிய கன்னம். முகம் காட்டி ஆடுகிற வழக்கம் எங்கள் மேடையில் இல்லை. ஆன்செல்ம் கோர்வே என்ற என் பெயரை ஒருவரும் கேட்டதில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

என் மனைவி பெரீன் அங்கே ஆடுகிறவள். கல்யாணமான மறுவருஷம் அவளுக்குப் பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்தாள், முகம் போய்விட்டது. வேறு தொழிலாக இருந்தால் அடுப்படியோடு முடங்கியிருப்பாள். முகமூடி இருந்ததால் வனதேவதையாகவே தொடர்ந்தாள். வீட்டில் போட்டுக்கொள்ளவும் மெல்லிய பட்டில் ஒன்று செய்து கொடுத்தேன். முதல் நாள் கட்டியபோது கொஞ்சம் அழுதாள், சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம் அதோடுதான் எனக்குச் சூப் பரிமாறினாள். விளக்கை அணைத்த பிறகு கழற்றுவாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். கண்ணை இமை காப்பது போலக் காத்தேன், அவளைக் கேட்டாலும் சொல்வாள்.

போன இலையுதிர் காலத்தில் ரோயே என்று ஒரு புது நடன ஆசான் வந்து சேர்ந்தார். வளையப் பாவாடை வேண்டாம், குதிகால் செருப்பு வேண்டாம் என்றவர், ஒருநாள் என் கடைக்குள் நுழைந்து சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன கோர்வே, கசாப்புக் கடையா இது? இத்தனை தலை தொங்குது. ஈஸ்டர் முடிஞ்சதும் இதெல்லாம் வேண்டாம். பொண்ணு அழுதா ஜனங்க அழுகையைப் பாக்கணும்யா. பசையையும் மெழுகையுமா பாத்துட்டு இருக்கிறது?"

முதலில் முகம் காட்டப்போவது மானெட் என்று முடிவாயிற்று. பட்டு நெய்கிறவர் வீட்டுப் பெண், பத்தொன்பது வயது. நல்ல அழகு, அதை மறுக்க முடியாது.

அன்று சாப்பிடும்போது பெரீனிடம் இதைச் சொன்னேன். அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "கேள்விப்பட்டேங்க. ரோயே என்கிட்டயும் கேட்டார். நானும் கழட்டிடலாம்னு இருக்கேன்," என்றாள்.

"உன்னைப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. உள்ள ஒரே புழுக்கமா இருக்குங்க."

மனசு நொந்தவர்கள் அப்படித்தான் வீறாப்பாகப் பேசுவார்கள். மேடையை விட்டே துரத்திவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். நான்தான் ஏதாவது செய்தாக வேண்டும்.

யோசித்தால் விஷயம் எளிது. மானெட்டுக்கும் காட்ட முகம் இல்லையென்றால் ரோயேயின் புதுமை அதோடு நின்றுவிடும். அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, ஐயா. பெரீன் பிழைக்கவில்லையா, இவளும் பிழைத்துக்கொள்வாள். சோன் ஆற்றங்கரையில் துணி துவைக்கும் கிழவியிடம் போனேன். அம்மையில் இறந்த குழந்தையின் தலையணை உறை ஒன்று வேண்டும், துவைக்காமல் வேண்டும் என்று கேட்டேன்.

"எரிச்சிடச் சொல்லிக் குடுத்தாங்க. உனக்கெதுக்கய்யா அது?" என்றாள்.

உள்துணிக்கு என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எனக்குச் சிறுவயதிலேயே அம்மை லேசாக வந்து போய்விட்டது, அதனால் தைக்கப் பயமில்லை.

ஈஸ்டருக்கு முந்திய கடைசி ஆட்டங்களுக்காக மானெட் முகமூடி வாங்க வந்தாள்.

"என்ன கோர்வே அண்ணே, எனக்குக் கடைசி மூஞ்சியா இது? நாடாவை இறுக்கித் தைங்க. பாதி ஆட்டத்துல கழண்டு விழுந்தா ரோயே ஐயாவுக்குத்தான் கொண்டாட்டம்."

முகத்தில் வைத்துப் பார்த்தாள். "இவ்வளவு மெத்துன்னு எனக்குச் செஞ்சதே இல்லையே நீங்க. பெரீன் அக்காவுக்கு மட்டும்தான்னு நெனச்சேன்," என்றாள்.

பின்னால் நின்று நாடாவை முடிந்துவிட்டேன். பாவமாகத்தான் இருந்தது.

அரங்கு ஈஸ்டருக்காக மூடியிருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கூடத் தங்கியிருந்த பெண்கள் ஓடிவிட்டார்கள். ஒருமுறை கண்டவர்களுக்கு மறுபடி வராது என்று பெரீன் போய் உட்கார்ந்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மற்றதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மானெட் கண்ணாடி கேட்டு அழுதாளாம். பெரீன் தன் முகமூடியை அவிழ்த்து, "என்னைப் பாருடி. பொழச்சவ இப்படித்தான் இருப்பா. ஒண்ணும் ஆயிடல," என்றாளாம். அந்தப் பெண் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே தூங்கினாளாம். அந்த வாரமே இறந்துவிட்டாள்.

சாமான்களை எரிக்க எடுத்தபோது பெரீன் அந்த முகமூடியின் உள்துணியைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். மஞ்சள் கறை, ஓரத்தில் ஏதோ குழந்தைக்குப் போட்ட பூத்தையல், சுற்றிலும் என் தையல். என் தையல் அவளுக்குத் தெரியாதா? அங்கிருந்து ஆற்றங்கரைக் கிழவியைத் தேடிப் போயிருக்கிறாள்.

வீட்டுக்கு அவள் திரும்பவே இல்லை. ஈஸ்டர் கழிந்து அரங்கு திறந்த அன்று மானெட்டின் வேடத்தில் பெரீன் வெறும் முகத்தோடு ஆடினாள் என்றும், ஜனங்கள் எழுந்து நின்று அழுதார்கள் என்றும் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நான் போகவில்லை, நம்பவும் இல்லை. அவளை அவமானப்படுத்த எவனோ கட்டிவிட்ட கதை. மறுநாள் உங்கள் காவலர்கள் என்னைப் பிடிக்க வந்தார்கள்.

ஆக, மானெட்டைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பெரீனுக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

காலையில் நீங்கள் கதவைத் திறந்து, "இந்தம்மா யாருன்னு தெரியுதா?" என்று கேட்டீர்கள். தழும்பு விழுந்த முகம், அழுது சிவந்த கண்கள். மானெட்டின் தாயார் என்று நினைத்து, எழுந்து தலை குனிந்தேன். குனிந்தபோதுதான் பாதங்கள் கண்ணில் பட்டன. குதிகால் இரண்டும் ஒட்டி, விரல்கள் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. என் பெரீன் அப்படித்தான் நிற்பாள்.

அவள் இன்னும் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறாளா, ஐயா? அவளுடைய பட்டு முகமூடி எரிந்துபோயிருக்கும் என்று புதிதாக ஒன்று செய்து என் பையில் வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். உள்ளே வைத்திருப்பது சுத்தமான துணிதான். இத்தனை பேர் பார்க்க முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பாவம், எப்படித் தவிக்கிறாளோ.