டேபிள் காலியாகத்தான் இருந்தது

என் மாமனார் எங்கே போனாலும் பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுவார். பட்டாளத்துப் பழக்கம். எங்கள் கல்யாணத்தன்று போதகருக்கு முன்பே ஆலயத்தில் உட்கார்ந்திருந்தார். பெயர் ஜேசுதாசன். ஊர் மம்சாபுரம். அவர் தாமதித்தது ஒரே ஒரு தடவை.

நான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேபில் டெக்னீஷியன். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் மெல்லிய கம்பி விட்டு, அடைப்பைப் பலூனால் திறந்து, ஸ்டென்ட் வைக்கும் இடம். முன்பு தொடை வழியாகப் போவார்கள். இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு. குழாய்க்குள்ளேயே படம் எடுத்து ஸ்டென்ட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எவ்வளவு புதுமை வந்தாலும் கடைசியில் எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. ஆள் வாசலில் நுழைந்ததிலிருந்து பலூன் விரிவதுவரை தொண்ணூறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எங்கள் சராசரி அறுபத்தெட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக்குகளில் எடுக்கும் ஈசிஜி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் டேபிள் தயாராக இருக்கும். பல நாள் டாக்டருக்கு முன்பே நான் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

என் மனைவி ஸ்வீட்லின். வன்னியம்பட்டியில் கணக்கு டீச்சர். வயது இருபத்தேழு. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மம்சாபுரத்தில் அசனம் நடந்தது. சபையார் எல்லாரும் சேர்ந்து சோறாக்கிச் சாப்பிடும் விருந்து. பொறுப்பு என் மாமனாருடையது. அவள் முதல் நாளே அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். காலை எட்டரைக்கு அவளுக்கு நெஞ்சு வலி. பதினொன்றரைக்குத்தான் அவளைக் காரில் ஏற்றினார். மூன்று மணி நேரம் அவர் அடுப்படியில் அண்டாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் லேபுக்குத்தான் கொண்டுவந்தார்கள். குழாயின் உள்சுவர் தானாகவே கிழிந்திருந்தது. இளம் பெண்களுக்கு இப்படி வருவது உண்டு. முன்பு தெரியாமலே போகும், இப்போது அதிகம் கண்டுபிடிக்கிறார்கள். எக்ஸ்ரே திரையை நான்தான் நகர்த்திக் கொடுத்தேன். பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது. டாக்டர் விக்னேஸ்வரன் கையுறையைக் கழற்றிவிட்டு, "ரெண்டு மணி நேரம் முந்தி வந்திருக்கலாம், அலெக்ஸ்" என்றார்.

அவள் அடக்கத்தில் என் மாமியார் அன்னத்தாய் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டார்: "ஊருக்கே சோறாக்கிப் போட்டிய. ஒத்தப் புள்ளயப் பாக்க ஒங்களுக்கு நேரமில்லாமப் போச்சே."

அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குற்றமுள்ளவன் வாய் திறக்க மாட்டான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் பதினான்காம் தேதி மதியம் ஒன்று பத்துக்கு வந்தார். நர்ஸ் பாலம்மாள்தான் வந்து சொன்னாள்.

"அலெக்ஸு, ஒங்க மாமா வந்திருக்காவ. கையில பை. மிலிட்டரி கேன்டீன் சரக்குன்னா எனக்கும் ஒரு பங்கு வேணும்."

"ஒனக்கெதுக்குத் தாயி? ஊசி போடுற கை நடுங்கவா?" என்று பின்னாலிருந்தே அவர் சிரித்தார். சட்டை முழுக்க வியர்வை. பையில் சப்பட்டை மாம்பழம் இருந்தது. ஸ்வீட்லினுக்குப் பிடிக்கும். அவருக்கு வாங்கிப் பழகிவிட்டது.

"காலைல இருந்து நெஞ்சு அமுக்குது மாப்ள. வேற எங்கயும் போவல. நீங்க பாத்தாப் போதும்."

லேபுக்குப் பக்கத்து அறையில் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தேன். கோடுகள் தூக்கி நின்றன. மாரடைப்பு என்று முதல் வருட மாணவனுக்கும் தெரியும்.

டேபிள் காலியாகத்தான் இருந்தது. டாக்டர் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போட்டிருந்தால் நாற்பது நிமிடத்தில் வலி நின்றிருக்கும். நான் அவருக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பொத்தானையும் நானே போட்டுவிட்டேன்.

"வாயுதான் மாமா. ஓம வாட்டர் குடிச்சாச் சரியாப் போயிரும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க சொன்னாச் சரிதான், மாப்ள."

பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். வெயில் அடிக்காத பக்கம். திரும்பி வந்ததும் பாலம்மாள் என்ன கேஸ் என்று கேட்டாள். வாயு என்றேன். "வயசானா அம்புட்டும் வாயுதான்" என்றபடி பழத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஊர் வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார்.

ஈசிஜி தாளை அன்றே கிழித்துவிட்டேன். மெஷின் தன் நினைவில் வைத்திருந்தது. அதை அழிக்கவும் எனக்குத் தெரியும். அழிக்கவில்லை. மாதாந்திரக் கணக்கெடுப்பில் டாக்டர் அதைப் பார்த்தார். அப்படித்தான் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

தெரிந்தே அனுப்பினாயா என்று கேட்டீர்கள். ஆம். சாவார் என்று தெரியுமா என்றீர்கள். தெரியும். அவர் என் மனைவிக்குச் செய்ததைத்தான் நான் அவருக்குச் செய்தேன். அவள் காத்திருந்த அளவுகூட அவர் காத்திருக்கவில்லை.

பிறகு என் செல்போன் அழைப்புப் பட்டியலைக் காட்டினீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, எட்டு நாற்பதுக்கு, மாமனார் எண்ணிலிருந்து ஐம்பது நொடி. மறைக்க ஒன்றுமில்லை. ஒரு அவசரக் கேஸ் டேபிளில் இருந்தது. நான் எக்ஸ்ரே தடுக்கும் ஈயக் கவுனோடு நின்றிருந்தேன். பாலம்மாள்தான் போனை என் காதில் வைத்தாள்.

"மாப்ள, பாப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிதுங்கா. கையும் குடையுதாம். காரு எடுத்துட்டேன். அங்க கூட்டிட்டு வாரட்டா?"

"வாயுவா இருக்கும் மாமா. ஓம வாட்டர் குடுங்க. நீங்க போயி அசனத்தைப் பாருங்க."

"நீங்க சொன்னாச் சரிதான், மாப்ள."

இதில் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் சொன்னேன் என்பதற்காக விட்டுவிடுவதா? பெற்றவர் அவர்தானே.