நான்கு டிகிரி அறை

நான் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. மைசூரில் பிறந்து, மைசூரிலேயே ஐம்பத்திரண்டு வயது ஆகிவிட்டது. ஒருமுறை மங்களூர் போவதாக இருந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் அது நின்றுவிட்டது. ஆனால் கடலின் அடியில் கிடக்கும் சேற்றை என்னளவுக்குத் தொட்டவர்கள் இந்த ஊரில் இருக்க மாட்டார்கள். பதினெட்டு வருடமாக அதுதான் என் வேலை.

இன்ஸ்பெக்டர், நீங்கள் கொள்ளேகால் பக்கம், தமிழ் தெரியும் என்று வாசலில் கான்ஸ்டபிள் சொன்னார். அதனால் தமிழிலேயே சொல்கிறேன். எழுதுகிறவர் கன்னடத்தில் எழுதிக்கொள்ளட்டும். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

எங்கள் ஆய்வு நிலையத்துக்கு வங்காள விரிகுடாவிலிருந்து சேறு வரும். கப்பலில் போகிறவர்கள் நீளமான குழாயைக் கடலடியில் இறக்கி, உருவி எடுத்து, ஐஸ் வைத்து லாரியில் அனுப்புவார்கள். பின்கட்டிடத்தில் நான்கு டிகிரி குளிரில் ஓர் அறை இருக்கிறது. குழாய்களை வாங்கி, எண் எழுதி ஒட்டி, அங்கே அடுக்குவது என் பொறுப்பு. வெப்பநிலையைக் கணினி தானாகவே பதிந்துகொள்ளும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன். மேட்டகள்ளியில் என் வீட்டில் அப்பாவும் அம்மாவும் போன பிறகு யாரும் இல்லை. டிவியைப் போட்டு வைத்தால் பேச்சுச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள், இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது. ஜீவிதாதான் முதல் நாளே பின்கட்டிடத்துக்கு வந்து, "நீங்க சொர்ணலதா அக்கா தானுங்க? நான் ஹனூருங்க. இனிமேல் இங்கதான் குடியிருக்கப் போறேன்" என்று சொன்னாள். இருபத்தாறு வயது. அன்றிலிருந்து லதாக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஹாஸ்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஒரு டிபன் பாக்ஸ் வாங்கினேன். என் வீட்டில் அதற்கு முன் இரண்டாவது டிபன் பாக்ஸ் இருந்ததில்லை.

அவள் சொல்லித்தான் நான் எதைப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. கடலடிச் சேற்றுக்குள் மீத்தேன் வாயு ஊறி மேலே வந்துகொண்டே இருக்குமாம். அது முழுவதும் வெளியே வந்தால் உலகம் இப்போதைவிட எவ்வளவோ சூடாகிவிடும். வழியிலேயே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைப் பிடித்துத் தின்றுவிடுகின்றன. அதிலிருக்கும் கரி சேற்றுக்குள்ளேயே சுண்ணாம்புக் கல்லாகப் படிந்துவிடுகிறது. அந்த உயிர்களைச் சேற்றோடு பாட்டில்களில் அடைத்து, அதே குளிர் அறைக்குள் வைத்து வளர்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி.

"ஒண்ணு மீத்தேனத் தின்னுமுங்க்கா, இன்னொண்ணு அது விடறத வாங்கிக்கும்" என்றாள். "ரெண்டும் ஒட்டிட்டேதான் இருக்கும். தனியாப் பிரிச்சு வளத்த இன்னும் யாராலயும் முடியலீங்க."

"எவ்வளவு நாள் ஆகும் வளர?"

"ஒருதடவ ரெட்டிக்கவே மாசக்கணக்கு ஆயிரும். இந்த பாட்டில்ல ஏதாவது தெரியணும்னா அஞ்சு வருசமாச்சும் வேணுங்க்கா."

ஐந்து வருடம் என்று அவள்தான் சொன்னாள். நான் கேட்டு வாங்கவில்லை.

இரண்டரை வருடம் ஆனபோது, ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அக்கா, ஜெர்மனில வேல கெடச்சிருச்சுங்க. மாசக் கடைசில கெளம்பணும்."

"அப்ப பாட்டிலெல்லாம்?"

"அதையும் பேக் பண்ணி அனுப்பிரலாம்னு டைரக்டர் உதயகுமார் சார் சொல்லிட்டாரு. குழாயெல்லாம் கோவாவுக்குப் போகுதாம். நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க்கா. எத்தன வருசம் இந்தக் குளிர்லயே கெடப்பீங்க?"

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு டிபன் பாக்ஸையும் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த உயிர்களுக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. அதனால் பாட்டில்களுக்கு நைட்ரஜன் போய்க்கொண்டிருக்கும். நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சின்ன அறையில் கசிந்தால், உள்ளே இருப்பவருக்குத் தெரியாமலே மூச்சுக் காற்று குறைந்துவிடும். அப்படிக் குறைந்தால் அலற வேண்டும் என்று கதவோரம் ஒரு கருவி மாட்டியிருக்கிறோம். அது நடந்த நாள் சனிக்கிழமை. காலையிலேயே அந்தக் கருவியின் ஒயரை எடுத்துவிட்டேன். பாட்டில்களுக்குப் போகும் டியூபையும் நான்தான் தளர்த்தினேன்.

மதியம் ஒரு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். ஜீவிதா கடைசித் தடவையாக மாதிரி எடுக்க வந்தாள். "அரை மணி நேரங்க்கா. வந்து சேந்து சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே என் மேஜையில் உட்கார்ந்து கோவாவுக்குப் போகும் குழாய்களுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஸ்டூல் விழுந்தது.

அப்போது ஒரு சீட்டில் பாதி எழுதியிருந்தேன். பாதியில் விட்டால் எண் மாறிப்போகும். எழுதி முடித்தேன். இன்னும் பதினோரு சீட்டுகள் இருந்தன. அவற்றையும் எழுதினேன். அதன் பிறகு வாயுவை மூடி, கதவைத் திறந்து வைத்துவிட்டு, அறைக்குள் நல்ல காற்று நிறையும்வரை வெளியே நின்றேன். உடனே உள்ளே போகக்கூடாது என்பது விதி. ஒயரைப் பழையபடி மாட்டினேன். பிறகுதான் உதயகுமார் சாருக்குப் போன் செய்தேன். அவளுக்கு வலி தெரிந்திருக்காது. அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

நான் நினைத்தது இதை அல்ல. மயக்கம் போட்டு விழுவாள், ஒரு வாரம் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருப்பாள், பயணத் தேதி தள்ளிப்போகும், கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்காக அடுத்த வாரம் முழுவதும் லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், அந்தக் கடிதம் இருக்கும்.

நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. இரண்டு மூச்சு இழுத்தால் போதும், விழுந்தவர் தானாக எழுந்திருக்க முடியாது. வெளியே இருப்பவர் உடனே மீட்க ஏற்பாடு செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார். ஆமாம், தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்புப் பாடத்தை எடுப்பது நான்தான். ஜீவிதாவுக்கும் நான்தான் எடுத்தேன். கவனமாகக் கேட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து இப்போது ஏன் வந்தேன் என்றால், உங்கள் அறிக்கையில் கருவி பழுது, பராமரிப்புக் குறைவு என்று எழுதியிருப்பதாக உதயகுமார் சார் சொன்னார். அது சரியில்லை. பதினெட்டு வருடத்தில் என் பொறுப்பில் இருந்த எந்தக் கருவியும் பழுதானதில்லை. அதைத் திருத்திவிடுங்கள். சிலிண்டர் கொண்டுவரும் மனோஜ்குமாரையும் நேற்றிலிருந்து உட்கார வைத்திருக்கிறீர்களாம். பாவம், அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பிணவறை வாசலில் ஜீவிதாவின் அம்மாவைப் பார்த்தேன். மாதம்மா என்று பெயர். புருஷன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எந்நேரமும் உங்க பேச்சுத்தானுங்க அதுக்கு. அங்க எனக்கு ஒரு அக்கா இருக்குது, நீ ஒண்ணும் கவலப்படாதன்னு சொல்லுமுங்க" என்று அழுதார். ஹனூருக்குக் கூடவே போனேன். எழுதிக் கொடுத்திருந்த லீவு அதற்கு உதவியாக இருந்தது. காரியம் முடியும்வரை அங்கேதான் சமைத்தேன், அவர் பக்கத்திலேயே படுத்தேன்.

திரும்பி வந்த பிறகு தினமும் சாயங்காலம் போனில் பேசுகிறோம். "அந்த வீட்ல ஒத்தையாக் கெடக்க முடியலீங்க" என்றார் போன வாரம். இங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். முன்னறையை ஒழித்து வெள்ளை அடித்திருக்கிறேன். கட்டில் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறார்.

அதனால் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னை அனுப்பிவிட்டால் நல்லது. அந்த அம்மாவுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.