வர்க்கி தின்னாத வர்க்கிக்காரர்

– பிரியாணில கறிய ஓரமா ஒதுக்கி வெச்சுட்டு வெள்ளரிக்காயா எடுத்துத் தின்ன ஆளு, இன்னிக்கு எங்கக்கா ஊட்டு நிக்காஹ்ல நீங்க ஒருத்தர்தான்.

– யாரு பாத்தா?

– யாரு பாக்கல? என்ற அக்கா பாத்தா, அக்கா மருமக பாத்தா. பரிமாற வந்தவன் என்கிட்ட வந்து, "கையூம் பாய்க்கு வயிறு செரியில்லைங்களா"ன்னு கேக்கறான்.

– கறியும் ரெண்டு துண்டு தின்னேனே.

– ரெண்டு துண்டு! பந்தில உக்காந்தா சட்டிய வழிச்சு வெப்பாருன்னு பேரு வாங்கின மனுசன், ரெண்டு துண்டு தின்னாராம்... ஏங்க, சித்த நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்குது.

– அந்தப் பைய இங்க குடு ஆபிதா. கேத்தி ஊர்ல வெளையற கேரட்டு அத்தனையும் உங்கக்கா அள்ளிப் போட்டுட்டாங்களாட்ட இருக்குது.

– ஆட்டோ புடிங்கன்னா கேக்கறீங்களா? குன்னூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, இந்த ஏத்தத்துல எவனாச்சும் நடந்து ஊடு வந்து சேருவானா?

– நான் தினமும் நடக்கறேனே.

– அதத்தான் கேக்கறேன். ஏன் நடக்கறீங்க?

– ஸ்கூட்டருதான் ரிப்பேராகி மெக்கானிக் ஷிஜோ கடைல கெடக்குதே.

– ம்ம்... கெடக்குது, கெடக்குது.

– என்ன சிரிக்கற?

– நான் எங்க சிரிச்சேன்? பேச்ச மாத்தாதீங்க. அக்கா என்னைய சமையக்கட்டுக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போயி என்ன கேட்டா தெரியுமா? "உன்ற ஊட்டுக்காரருக்கு எதாச்சும் பெரிய வியாதியாடி"ன்னு.

– நீ என்ன சொன்ன?

– "தெரியாது"ன்னேன். கட்டிட்டவளே தெரியாதுங்கறாளேன்னு அவ பாத்த பார்வை இருக்கே... பூமிக்குள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

– பாத்து வா, வழுக்கப் போகுது.

– மொதல்ல வாயத் தொறந்து சொல்லுங்க. வியாதியா? இல்ல, என்னைய புடிக்காமப் போயிருச்சா? ரெண்டுல ஒண்ணுதான இருக்கணும்.

– ரோட்டுல வெச்சா கேப்ப இத?

– ஊட்டுல எங்க கேக்கறது? நீங்க கீழ பேக்கரில, மாவு ரூம்புல படுக்கறீங்க. நான் மேல ஊட்டுல படுக்கறேன். நடுவுல அந்தப் படிக்கட்டுதான் இருக்குது. அதுகிட்டயா கேக்கறது?

– விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மாவு பெசையணும். உன்ற தூக்கம் எதுக்குக் கெடணும்னு...

– நிக்காஹ் ஆன நாள்ல இருந்து அந்நேரத்துக்குத்தான் எந்திரிக்கறீங்க. இத்தனை வருசமா கெடாத தூக்கம் இப்பத்தான் கெடுதா?

– அங்க அடுப்புச் சூடு இருக்கும். முதுகுக்கு இதமா இருக்குது.

– எனக்குத்தான் மேல குளுருது. ரெண்டு கம்பளி போட்டாலும் கதவுப் பக்கமா காத்து உள்ள வருது.

– கதவ நல்லா சாத்தித் தாழ் போட்டுக்க வேண்டீதுதான?

– தாழ் போடறதா...

– என்ன?

– ஒண்ணுமில்ல. நடங்க.

– இந்தப் பாலத்துக் கட்டைல சித்த உக்காரு. ஒரு டீ வாங்கியாரட்டுமா?

– வேண்டாம். நீங்க சக்கரை இல்லாம வாங்குவீங்க. அதப் பாத்தாலே எனக்கு ஆத்திரமா வருது.

– செரி. வேண்டாம்.

– கல்லாவுல நின்னுட்டு ஒண்ணு பண்றீங்களே, அது என்ன?

– என்ன பண்றேன்?

– கண்ண ஒரு மாதிரி வெச்சுட்டு அசையாம நிப்பீங்க. அப்பறம் விடுவீங்க. மறுபடியும் அசையாம நிப்பீங்க. மூலமோன்னு நெனச்சேன்.

– யா அல்லா... வெளிய தெரியுதா அது?

– பன்னு வாங்க வந்த பிரிஸில்லா டீச்சர் பாத்துட்டு, "பாய் என்னமோ பெரிய கணக்காப் போடறாரு, அப்பறமா வாரேன்"னு திரும்பிப் போயிட்டாங்க.

– சிரிக்காத. அது ஒரு எக்சர்சைஸு.

– கல்லாவுல நின்னுட்டா?

– எங்க வேணுன்னாலும் பண்ணலாம். ஒண்ணுக்குப் போறப்ப பாதில அடக்குவோமில்ல... அந்த மாதிரி உள்ளுக்குள்ள இறுக்கிப் புடிச்சு, மெதுவா விடணும். அடிவயித்துக்குக் கீழ இருக்கற தசைக்கு நல்லது.

– எதுக்கு?

– ஒடம்புக்கு.

– ஒடம்புல எதுக்குங்க?

– ஆம்பளைக்கு... பலம் வர்றதுக்கு. போதுமா? மெதுவா பேசு, பின்னாடி ஆளு வருது.

– வரட்டும்... ம், போயாச்சு. கஸ்டர்ட் பவுடர் டப்பாக்குள்ள ஒரு லேகியம் இருந்துச்சே, அதும் இதுக்குத்தானா?

– நீ... அதப் பாத்தியா?

– பாத்தனாவா? கொட்டி, டப்பாவக் கழுவிக் கவுத்து வெச்சதே நான்தான்.

– மாவு ரூம்பு பூரா தேடினேன்டி!

– வாசமே செரியில்ல. என்னத்தப் போட்டுக் கிண்டினானோ. அதத் தின்னு உங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?

– டாக்டரும் அதத்தான் சொன்னாரு, கண்ட லேகியத்தையும்...

– எந்த டாக்டரு?

– டாக்டரா? பொதுவாச் சொன்னேன்.

– எந்த டாக்டருங்க? எப்பப் போனீங்க?

– நோன்புக்கு முன்னாடி. மைதா எடுக்கக் கோயமுத்தூரு போறேன்னு போனேனே, அன்னிக்கு.

– மூட்டையோடதான வந்தீங்க?

– மூட்டையும் எடுத்தேன்.

– என்னையும் கூட்டிட்டுப் போகணும்னு தோணலையா?

– என்னன்னு சொல்லிக் கூப்பிடுவேன் ஆபிதா? டாக்டர்கிட்ட சொல்லவே வாய் வரல. "என்ற சிநேகிதன் ஒருத்தனுக்கு இப்படி இருக்குதுங்க"ன்னு ஆரம்பிச்சேன்.

– அவரு என்ன சொன்னாரு?

– "உங்க சிநேகிதருக்கும் வயிறு இம்புட்டுப் பெருசுங்களா? சட்டையத் தூக்கிட்டுப் படுங்க"ன்னாரு.

– அய்யோ... அல்லாவே...

– சிரி, சிரி. இதுக்குத்தான் சொல்லாம இருந்தேன்.

– இல்லைங்க, சிரிக்கல. சொல்லுங்க. என்ன சொன்னாரு?

– ரத்தம் எடுத்துப் பாத்தாரு. சக்கரை வரலாமா வேண்டாமான்னு வாசல்ல நிக்குதுன்னாரு. கொழுப்பும் கூட. "ரத்தக் கொழாய் அடைக்க ஆரம்பிச்சா மொதல்ல அங்கதான் தெரியும், அது சின்னக் கொழாயி. நெஞ்சுல இருக்கறது பெருசு, அது பொறவுதான் காட்டும். உங்களுக்கு முன்கூட்டியே சேதி வந்துருக்கு, சந்தோசப்படுங்க"ன்னாரு.

– நெஞ்சுக்கா? நெஞ்சுக்கு ஒண்ணுமில்லையே?

– இல்ல. அதும் பாத்துட்டாரு.

– சத்தியமா?

– சத்தியமா. மாத்திரை வேணுன்னா அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல மைதாவையும் டால்டாவையும் கொறைங்க, சிகரெட்ட விடுங்க, தினமும் வேர்க்க வேர்க்க நடங்கன்னாரு. கீரை, பருப்பு, மீனு எல்லாம் சேத்திக்கோங்கன்னாரு. கடைசில, "என்ன தொழில் பண்றீங்க"ன்னு கேட்டாரு.

– சொன்னீங்களா?

– வர்க்கி சுடறேன், மைதாவும் டால்டாவும் போட்டு மொறுமொறுன்னுன்னேன். எழுதிட்டிருந்த பேனாவ மூடி வெச்சுட்டாரு மனுசன்.

– பாவம் அவரு.

– நான் பாவமில்லையா? மொத நாள் நடக்கப் போனேன். எஸ்டேட்டுக்குக் கொழுந்து எடுக்கப் போற பொம்பளைங்க, முதுகுல கூடையோட என்னைய தாண்டிப் போறாங்க. "பாய், சித்த வழி விடுங்க"ன்னுட்டு.

– நானும் ஒரு நாள் உங்க பின்னாடி வந்தேன்.

– எங்க?

– சிம்ஸ் பார்க் ரோடு வரைக்கும். சால்வைய முக்காடு போட்டுட்டு. விடியக்காலத்துல இவரு யாரப் பாக்கப் போறாருன்னு பாக்கத்தான். பாத்தா, தனியா கைய வீசிட்டுப் போறீங்க. யாருக்கோ டாட்டா காட்டறீங்கன்னு நெனச்சு, அந்தப் பக்கம் வேற எட்டிப் பாத்தேன்.

– யாரு இருந்தா?

– ஒரு எருமை நின்னுட்டிருந்துச்சு.

– நல்லாப் பாத்த போ.

– வெளையாட்டுக்குச் சொல்லலைங்க. வர்க்கிய விட்டது செரி. அதுக்காக என்கிட்ட வர்றதையும் விடணுமா? காலைல அடுப்புல இருந்து மொத ஈடு எறங்கினதும், ஒடஞ்ச வர்க்கியப் பேப்பர்ல மடிச்சுட்டு படியேறி வருவீங்க. நான் டீ போட்டுட்டு உக்காந்திருப்பேன். ஒரே டம்ளர்ல ரெண்டு பேரும் முக்கித் தின்னுட்டு... நம்ம மக ஷாயிஸ்தா பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து அதுதான என்ற விடியக்காலம்? ஒரு நாள் வரல. மறுநாளு, பொட்டலத்த மட்டும் படில வெச்சுட்டுப் போயிட்டீங்க.

– உக்காந்தா ஒண்ணோட நிக்க முடியாதுடி. உன்ற டீயும் அந்த வர்க்கியும்... வாசம் அடிச்சாலே கை போயிரும்.

– நான் பொட்டலத்துக்கா காத்துட்டிருந்தேன்? உங்க கையில மாவு வாசம் அடிக்கும், அதுக்குக் காத்துட்டிருந்தேன். நான் சலிச்சுப் போயிட்டேன்னு நெனச்சு அழுதிருக்கேன். கண்ணாடி முன்னாடி நின்னு பாத்திருக்கேன்... நரைச்சுட்டனா, பெருத்துட்டனா, எதுல கொறஞ்சு போனேன்னு.

– உன்ற மேல ஒரு கொறையும் இல்ல.

– இருந்தா சொல்லிருங்க. தாங்கிக்கறேன்.

– இல்லைங்கறேன்ல. அன்னிக்கு... என்னால முடியாமப் போனப்ப, நீ ஒரு வார்த்தை சொல்லல. போர்வைய இழுத்து என்ற மேல போத்திவிட்ட. திட்டியிருந்தாக்கூட தேவலாம். அப்படி ஒரு தடவ மறுபடியும் உன்னைய போத்திவிட வெக்கக் கூடாதுன்னுதான் கீழ போனேன்.

– குளுருமேன்னு போத்திவிட்டேங்க. அது ஒரு குத்தமா?

– குத்தமில்ல... எந்திரி. இருட்டறதுக்குள்ள போயிரலாம்.

– கைய குடுங்க.

– ரோட்டுலயா?

– எந்திரிக்கத்தான் கேட்டேன். பயந்துக்காதீங்க... நானும் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

– சொல்லு.

– ஸ்கூட்டரு ரெடியாகி ரொம்ப நாளாச்சு. குடுக்காதன்னு ஷிஜோகிட்ட நான்தான் சொல்லி வெச்சேன். எதுத்த கடைக்குப் போகக்கூட வண்டிய எடுப்பீங்க. நாலு படி ஏறினா நாய் மாதிரி எளைப்பீங்க. எனக்கு பயமா இருந்துச்சு.

– தெரியும்.

– எது தெரியும்?

– ஷிஜோ அன்னிக்கே அவன் மலையாளத்துல சொல்லிட்டான். "பாய், வண்டி கொடுக்கண்டான்னு சேச்சி பறஞ்ஞு"ன்னு. நல்லதாப் போச்சு, நீயே வெச்சுக்கன்னுட்டேன். நடக்கறதுக்கு எனக்கும் ஒரு சாக்கு வேணுமில்ல?

– அடப் பாவமே! அவன் என்னடான்னா, கடைல எடமே இல்லைன்னு என்கிட்ட பொலம்பிட்டிருக்கான்.

– காலைல பீட்ரூட்டு, ராத்திரி முருங்கைக்கீரை. பொரிக்கச் சொன்னா கேஸ் தீரப்போகுதுங்கற. அதும் இந்தக் கதைதானா?

– பின்ன என்ன? அக்கா ஊட்டுக்காரருக்குச் சக்கரை ஏறினப்ப அவ இப்படித்தான் பண்ணினா. அப்ப அக்கா ஒண்ணு சொன்னா... வேண்டாம், விடுங்க.

– என்ன சொன்னாங்க?

– "சக்கரை எறங்கினப்பறம்தான்டி மனுசன் என்ற பக்கம் திரும்பிப் படுத்தாரு"ன்னா.

– உங்கக்கா இதெல்லாமா பேசுவாங்க?

– உங்களாட்ட மாவு ரூம்புல ஒளிஞ்சுக்கச் சொல்றீங்களா? இப்ப எப்படி இருக்குது உங்களுக்கு? அதச் சொல்லுங்க.

– சக்கரை எறங்கியிருக்கு. பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டேன். சிகரெட்டு வாசமே ஆகறதில்ல. மத்தது... காலைல எந்திரிக்கறப்ப... தெரியுது.

– என்ன தெரியுது?

– தெரியுதுன்னா தெரியுது. விடேன்.

– ஓஹோ... அப்பறம் ஏன் இன்னும் மாவு ரூம்பு?

– பயம் ஆபிதா. டாக்டரு சொன்னாரு, "மாடிப்படி ஏறிப் பாருங்க. நிக்காம மேல போயி, நெஞ்சு படபடக்காம சாதாரணமா நிக்க முடிஞ்சா, தைரியமா இருங்க"ன்னு.

– ஏறிப் பாத்தீங்களா?

– ம்.

– எங்க?

– எங்கயோ ஒரு படி. குன்னூர்ல படிக்கா பஞ்சம்?

– ஏங்க... முடியலைன்னா முடியாமயே போகட்டும். அதுக்காகப் பக்கத்துல படுக்கக் கூடாதுன்னு எந்த டாக்டராச்சும் சொன்னாரா? உங்க காலு என்ற மேல பட்டுட்டுக் கெடந்தா போதும். அந்தச் சூடு போதுங்க எனக்கு.

– பேக்கரி வந்துருச்சு. சாவி எந்தப் பைல போட்டேன்...

– சாவி கெடக்கட்டும், சித்த நில்லுங்க. கதவ சாத்தித் தாழ் போட்டுக்கன்னு சொன்னீங்கல்ல? நான் தாழே போடறதில்ல. நீங்க கீழ போன நாள்ல இருந்து ஒரு ராத்திரிகூட போடல.

– இந்தக் குளுர்லயா? ஏன்?

– நீங்க வருவீங்கன்னு தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிப்பீங்க. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கும். உங்க மூச்சு எனக்குத் தெரியாதா? கூப்பிட்டா வெக்கப்பட்டு ஓடிருவீங்கன்னு பேசாமப் படுத்துக் கெடப்பேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு எறங்கிப் போயிருவீங்க.

– ஆபிதா...

– அதக் கேட்டுட்டுத்தான் நான் தூங்கினேன். கதவத் தள்ளலைன்னாலும் வந்தாரே, அது போதும்னு. இப்பக் கொஞ்ச நாளா அந்தச் சத்தமே இல்ல. தாழ் போடாமத்தான் கெடக்குது கதவு... வர்றதையும் விட்டுட்டீங்கன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

– வர்றத விடல ஆபிதா... மூச்சு வாங்கறதுதான் நின்னு போச்சு.